ஆற்றில் பட்ட அனல்கதிர்

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆயுதத்தைக் கதையில் எப்படிக் காட்டுவது? 1897-ல் எச். ஜி. வெல்ஸுக்கு வந்த சிக்கல் இது. 'உலகங்களின் போர்' நாவல் அந்த ஆண்டு பத்திரிகைத் தொடராக வந்து, அடுத்த ஆண்டு புத்தகமானது. அதில் செவ்வாய்க் கோளிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கு அவர் கொடுத்த ஆயுதம் வெப்பக் கதிர். வெப்பம் பார்வைக்குப் பிடிபடாது. பீரங்கிக் குண்டுபோலச் சீறாது, வாள்போல மின்னாது. போர்க்காட்சி எழுத உட்கார்ந்தவனுக்கு இதைவிடக் கஞ்சத்தனமான ஆயுதம் கிடைக்காது.

வெல்ஸ் செய்ததைப் பாருங்கள். லண்டனுக்குத் தென்மேற்கே, வோகிங் ஊரை ஒட்டிய ஹார்செல் பொதுவெளி. மணற்குழியில் கிடக்கும், செவ்வாய்க்காரர்கள் வந்த உருளையை நோக்கி வெள்ளைக்கொடியுடன் ஒரு தூதுக் குழு போகிறது. குழிக்குள்ளிருந்து கூன்முதுகு போன்ற ஒரு வடிவம் மேலே எழுகிறது. ஒளிதானோ என்று ஐயப்படும் அளவுக்கு மெலிதாக ஏதோ ஒன்று துடிக்கிறது. அவ்வளவுதான், தூதுக் குழுவினர் ஒருவர்பின் ஒருவராகத் தீயாக மாறி விழுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த அத்தியாயத்தில் கதிர் கண்ணில் படுவதே இல்லை. புதர் பற்றுகிறது. பைன் மரங்கள் வெடித்து எரிகின்றன. ஒரு குதிரையின் அலறல் பாதியில் நின்றுபோகிறது. மணற்குழிக்கு அப்பால் தரை ஒரு வளைகோட்டில் புகைந்து படபடக்கிறது. அந்த வளைகோடு போதும். ஒரே இடத்தில் நின்றபடி ஏதோ ஒன்று மெதுவாகச் சுழன்றிருக்கிறது, அது எட்டிய தூரம் இவ்வளவு, அது திரும்பிய கோணம் இவ்வளவு என்று வாசகன் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறான். கதிரைக் கண்ணில் காட்டாமலே அதன் வடிவியலை முழுக்கச் சொல்லிவிடுகிற இந்தச் சாமர்த்தியத்துக்காகவே அந்தப் பக்கங்களை மறுபடி மறுபடி படிக்கலாம்.

அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு நுணுக்கம் வருகிறது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஏன் மொத்தமாகச் சாகவில்லை? செடி மண்டிய ஒரு மணல்மேடு கதிரின் கீழ்ப்பகுதியை மறித்துக்கொண்டது. கதிரை வீசிய ஆடி இன்னும் சில கெஜம் உயரத்தில் இருந்திருந்தால் சொல்ல ஆளிருந்திருக்காது என்கிறார் வெல்ஸ். நேர்கோட்டில் போகிற எதற்கும் நிழல் உண்டு. மரணக் கதிருக்கும் உண்டு. அந்த நிழலுக்குள் ஒரு கூட்டத்தை நிறுத்திப் பிழைக்கவைக்க ஒளியியல் உள்ளங்கையில் இருந்தாக வேண்டும். பின்னால் வந்த எத்தனையோ திரைப்படங்களில் நாயகன் பிழைப்பது அதிர்ஷ்டத்தால். இங்கே கூட்டம் பிழைப்பது ஒரு கோணத்தால்.

இனி அந்த இயந்திரத்துக்குள் போவோம். வெப்பத்தைச் சிறிதும் கடத்தாத சுவர்களால் ஆன ஓர் அறை. அதற்குள் கடும் வெப்பம் உண்டாக்கப்படுகிறது. பளபளப்பாக மெருகேற்றிய பரவளைய ஆடி ஒன்று, கலங்கரை விளக்கத்தின் ஆடி ஒளியை அனுப்புவதுபோல, அந்த வெப்பத்தை இணைகற்றையாக்கி அனுப்புகிறது. இதை வெல்ஸ் வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. ஒளியைப்போலவே வெப்பமும் பிரதிபலிக்கும், குவியும் என்பது 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்பைக் கண்டதிலிருந்து நன்றாகத் தெரிந்த சேதி. வெப்பம் கடத்தாத பாத்திரத்துக்கும் முன்மாதிரி இருந்தது: ஜேம்ஸ் டீவர் 1892-ல் லண்டனில் செய்த வெற்றிடக் குடுவை. இன்று நம் வீடுகளில் காபி ஊற்றிவைக்கும் பிளாஸ்கின் முப்பாட்டன் அது.

இதைவிட ருசியான ஒரு தற்செயல் பெர்லினில் நடந்துகொண்டிருந்தது. 1895-ல் வில்ஹெல்ம் வீனும் ஓட்டோ லும்மரும் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். சூடேற்றிய ஒரு வெற்றறை, அதில் ஒரு சிறு துளை. அந்தத் துளை வழியே வெளிவரும் கதிர்வீச்சை அளந்தால் 'கரும்பொருள்' கதிர்வீச்சின் கலப்பற்ற விதி கிடைக்கும். அந்த அளவீடுகள் பழைய கோட்பாட்டுக்கு அடங்காமல் போனதால்தான் 1900-ல் மாக்ஸ் பிளாங்க் ஆற்றலைத் துண்டு துண்டாக எண்ண ஆரம்பித்தார். குவாண்டம் இயற்பியல் பிறந்த வெப்ப அறையும் செவ்வாய்க்காரர்களின் வெப்ப அறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரையப்பட்டவை. ஒருவர் மற்றவரைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. சூடான வெற்றறை என்பது அந்தப் பத்தாண்டின் காற்றில் இருந்தது.

சரி, இந்த ஆயுதம் வேலை செய்யுமா? இங்கே இயற்பியல் ஈவிரக்கம் பார்க்காது. பரவளைய ஆடி இணைகற்றையை உண்டாக்குவது, ஒளிமூலம் குவியத்தில் ஒரு புள்ளியாக இருந்தால் மட்டுமே. மூலத்துக்கு 1 செ.மீ. அகலம், குவியத் தூரம் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கற்றை 1 மீட்டர் விரிந்துகொண்டே போகும். ஒரு கிலோமீட்டரில் 10 மீட்டர் அகலம். இன்னும் அழகான வாதம் ஒன்று உண்டு. அடிபடுகிறவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், ஆடி முழுவதும் அந்த வெப்ப அறையின் ஒரு துண்டாக ஒளிரும். அதைவிடப் பிரகாசமாக எந்த ஆடியாலும் அதை ஆக்க முடியாது. அறை சூரியப் பரப்பின் வெப்பநிலையில் இருந்தால், ஆடி ஒரு சூரியத் துண்டாகத் தெரியும். 300 மீட்டர் தள்ளியுள்ள 1 சதுர மீட்டர் ஆடி, வானத்துச் சூரிய வட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அளவுதான். ஆக, செவ்வாய்க்காரர்கள் சூரியனையே கொண்டுவந்து அறைக்குள் அடைத்தாலும், தூதுக் குழுவுக்குக் கிடைப்பது இளவெயிலில் நிற்கும் சுகம்.

சில நொடிகளில் தீப்பிடிக்க வேண்டுமானால் சூரிய வெயிலைப்போல நூறு மடங்காவது வேண்டும். கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், அறையை சூரியப் பரப்பைப்போல ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட 30,000 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். 'போதும்' என்று சொல்லிவிட்டேன். எந்தச் சுவர் அதைத் தாங்கும், எந்த ஆடி அதில் உருகாமல் நிற்கும்? வெல்ஸுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருக்கிறது. ஆடி எதனால் ஆனது என்பது அறியப்படவில்லை என்று கதைசொல்லி நழுவிக்கொள்கிறான். இந்த விவரங்கள் எதையும் யாரும் ஐயமற நிரூபிக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்க்கிறான். நாவலின் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வெல்ஸ் கணக்கைத் தீர்க்கிறார்: கைப்பற்றிய வெப்பக் கதிர் இயந்திரத்தை ஆராயப்போய் ஈலிங்கிலும் சவுத் கென்சிங்டனிலும் ஆய்வுக்கூடங்களில் பயங்கர விபத்துகள் நேர்ந்ததால், அதற்குமேல் தோண்ட யாருக்கும் ஆசையில்லை. சவுத் கென்சிங்டன், வெல்ஸ் டி. எச். ஹக்ஸ்லியிடம் பாடம் படித்த இடம். தான் படித்த ஆய்வுக்கூடத்தைத் தானே வெடிக்கவைத்து, தன் ஆயுதத்தின் ரகசியத்தையும் காப்பாற்றிக்கொள்கிற குறும்பு.

ஆனாலும் இந்த ஆயுதத்தின் உச்ச நயம் ஆற்றில்தான் இருக்கிறது. வெய்பிரிட்ஜ் அருகே ஒரு பீரங்கிக் குண்டு செவ்வாய்க்காரனின் முக்காலி இயந்திரத்தின் தலையைப் பிளக்கிறது. அது தள்ளாடிப்போய்த் தண்ணீரில் விழுகிறது. கதிரை வீசும் பெட்டி நீரில் பட்டதும் ஆறு ஆவியாக வெடித்துக் கிளம்புகிறது, கொதிக்கும் நீர் அலையாகச் சுருண்டு ஓடி வருகிறது. மார்பளவு நீரில் பதுங்கியிருக்கும் கதைசொல்லி வெந்துபோன உடம்போடு கரையேறுகிறான். கதிர் அவனைத் தொடவே இல்லை. தொட்டது தண்ணீர். ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். அதே நீரை ஆவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல் வேண்டும். ஆவியானதும் கன அளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். எய்த ஆற்றல் எங்கேயோ போய்ச் சேர்ந்தாக வேண்டும், சேரும் இடத்தில் ஏதோ ஒன்று வீங்கியாக வேண்டும் என்பதை வெல்ஸ் மறக்கவே இல்லை. கதிர் ஆயுதம் எழுதிய யாரையும் நான் உரசிப் பார்க்கும் கல் இந்த ஆற்றுக் காட்சி.

அந்தக் கல்லில் 'ஸ்டார் டிரெக்' தேறவில்லை. 1966-ல் தொலைக்காட்சிக்கு வந்த அந்தத் தொடரின் முதல் முன்னோட்டப் படத்தில் கையிலிருந்தது லேசர். நிஜ லேசர் வளர்ந்துவிட்டால் ரசிகர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து அதை 'ஃபேசர்' ஆக்கினார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஃபேசர் பட்ட மனிதன் ஒரு மின்னலில் மறைந்துபோகிறான், பக்கத்தில் நிற்பவரின் தலைமுடிகூட அசைவதில்லை. 70 கிலோ மனிதனில் 40 லிட்டருக்குமேல் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியானால் சுமார் 70 கன மீட்டர், அதாவது ஒரு பெரிய கூடம் நிறைய 100 டிகிரி நீராவி. கேப்டன் கிர்க் கதவைத் திறந்து ஓட வேண்டியிருக்கும். தொடரை எழுதியவர்கள் வேறு ஏதேதோ துகள் பெயர்களைச் சொல்லிப் பின்னால் சமாளித்தார்கள். சமாளிப்பில் நயம் இல்லை.

தண்ணீரைச் சூடாக்கும் இதே கணக்கு 1935-ல் நிஜமாகவே ஒரு மேசைக்கு வந்தது. எதிரிகளிடம் மரணக் கதிர் இருக்கிறது என்ற வதந்தி அப்போது பிரிட்டனில் பலமாக இருந்தது. நூறு கெஜத் தூரத்திலிருந்து ஓர் ஆட்டைக் கதிரால் கொன்று காட்டுபவருக்கு 1,000 பவுண்டு தருவதாக விமான அமைச்சகம் சொல்லியிருந்தது. பரிசை யாரும் வாங்கவில்லை, ஆடுகள் பிழைத்தன. அமைச்சகம் வானொலி ஆய்வாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டிடம் கருத்துக் கேட்டது. அவர் தன் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் ஒரு சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார்: 5 கி.மீ. தூரத்தில், 1 கி.மீ. உயரத்தில் உள்ள 8 பைன்ட் தண்ணீரை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105-க்கு ஏற்ற எவ்வளவு வானொலி ஆற்றல் தேவை? போரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வில்கின்ஸுக்கு உடனே விளங்கிவிட்டது. 8 பைன்ட் என்பது ஒரு மனிதனின் ரத்தம். 98 அவனுடைய இயல்பான உடல் சூடு. 105 அவனைச் சாய்க்கும் காய்ச்சல். பறக்கும் விமானியை வேகவைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

இந்தச் சீட்டை ஒரு சிறுகதையாகவே எண்ணத் தோன்றுகிறது. அந்த 8 பைன்ட்டுக்குள் சேர வேண்டிய ஆற்றல் வெறும் 74 கிலோஜூல் அளவுதான். ஆனால் 5 கி.மீ. தள்ளி விரிந்து கிடக்கும் வானொலி அலையிலிருந்து அவ்வளவை ஒரு மனித உடம்புக்குள் சேர்க்க எந்த ஒலிபரப்பியாலும் ஆகாது. முடியாது என்று எழுதிக் கொடுத்தார் வில்கின்ஸ். அப்படியானால் வேறென்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, விமானம் அருகில் பறக்கும்போது வானொலிச் சைகை கலைகிறது என்று தபால்துறைப் பொறியாளர்கள் கவனித்தது அவர் நினைவுக்கு வந்தது. வேகவைக்க முடியாவிட்டாலும், பட்டுத் திரும்பும் அலையைக் கேட்க முடியுமே. 1935 பிப்ரவரி 26-ல் டேவென்ட்ரியில் பிபிசியின் ஒலிபரப்பியை வைத்து, ஒரு ஹேஃபர்ட் விமானத்தைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். பிரிட்டனின் ரேடார் அங்கே பிறந்தது.

வெல்ஸின் வெப்ப அறையால் தாண்ட முடியாத சுவரை லேசர் தாண்டியது. லேசருக்கு அடிப்படையான தூண்டு உமிழ்வு என்ற கருத்தை ஐன்ஸ்டைன் 1917-ல் எழுதினார். 1960 மே 16-ல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கம்பியிலிருந்து முதல் லேசர் துடிப்பை எடுத்தார். சூடான பொருளின் அணுக்கள் தத்தம் போக்கில் ஒளி உமிழும். லேசரில் அவை ஒரே தாளத்தில் உமிழும். அதனால் கற்றை விரிவதற்கு மூலத்தின் அகலம் இனிக் காரணமில்லை. அலை என்ற இயல்பு மட்டும் காரணம்.

அந்த ஒரு காரணம் போதாதா! இதிலொரு முரண் இருக்கிறது, சித்திரக்கதை வரைபவர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை. வாய் ஒடுங்கிய துப்பாக்கியிலிருந்து வரும் கற்றைதான் அதிகம் விரியும். விளிம்பு விளைவின் விதி அப்படி. பச்சை லேசர், வாயின் விட்டம் 1 மில்லிமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டரில் கற்றை 1 மீட்டருக்குமேல் அகன்றுவிடும். வாயை 10 செ.மீ. ஆக்குங்கள். அதே தூரத்தில் கற்றையைக் கட்டைவிரல் அளவுக்குக் குவிக்கலாம். ஊசிமுனைத் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் விண்வெளி வீரன் எதிரிக்கு விளக்குப் பிடிக்கத்தான் லாயக்கு. வெல்ஸின் செவ்வாய்க்காரன் கேமராபோல ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறான். லேசருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னாலேயே வடிவம் சரி.

காற்று வேறு குறுக்கே நிற்கிறது. நியூ மெக்ஸிகோவின் அப்பாச்சி பாயின்ட் வானாய்வகத்தில் 3.5 மீட்டர் தொலைநோக்கி வழியே நிலவுக்கு லேசர் அனுப்புகிறார்கள். அப்பல்லோ பயணிகள் விட்டுவந்த எதிரொளிப்பான்களில் பட்டு அது திரும்ப வேண்டும். காற்றின் நடுக்கத்தால் நிலவைச் சேரும்போது கற்றை சுமார் 2 கி.மீ. அகலத்துக்குப் பரவியிருக்கும். ஒரு துடிப்பில் 10¹⁷ கணக்கில் ஃபோட்டான்கள் கிளம்பினால், வீடு திரும்புவது ஒன்றிரண்டு. வலுவான லேசர் என்றால் இன்னொரு வம்பு. அது தான் போகும் வழியிலுள்ள காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று விரிந்து குழிவில்லையாக மாறுகிறது, அந்த வில்லை லேசரையே சிதறடிக்கிறது. தன் பாதையைத் தானே கெடுத்துக்கொள்ளும் ஆயுதம்!

அமெரிக்கர்கள் போயிங் 747 ஒன்றின் மூக்கில் லேசரைப் பொருத்தி, 2010 பிப்ரவரியில் பறக்கும் ஏவுகணை ஒன்றை வீழ்த்திக் காட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஏவுகணை வெடித்தது அல்ல. முதலில் வலுக்குறைந்த ஒரு லேசர் போய், வழியிலுள்ள காற்று ஒளியை எப்படிக் கோணலாக்குகிறது என்று பார்த்துவரும். உருமாறும் ஆடி ஒன்று அதற்கு நேரெதிர்க் கோணலைப் பெரிய லேசருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். கெட்டுப்போன கற்றைதான் புறப்படுகிறது. காற்று அதை நேராக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நான் படித்த எந்தக் கதாசிரியனும் இதை யோசிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். 2025 ஏப்ரலில் கர்னூலில் நம் டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்தியது. இந்த வகை ஆயுதங்கள் பெரும்பாலும் சுமார் 1 மைக்ரான் அலைநீளத்தில், அகச்சிவப்பில் இயங்குபவை. கதிர் தெரியாது, இலக்கு புகைவதுதான் தெரியும். ஹார்செல் பொதுவெளியில் நடந்தபடியே.

விண்வெளியில் காற்றும் இல்லை, தூசும் இல்லை. பக்கவாட்டில் நிற்பவர் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பிவிட எதுவுமே இல்லை. ஆகவே விண்போரில் லேசர் கற்றை தெரியவே தெரியாது. எல்லாரும் இதைச் சொல்லித் திரைப்படங்களைக் கிண்டல் செய்வார்கள். பின்னாளில் கொழும்பில் குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் 1955-ல் கிண்டல் செய்வதை விட்டு ஒரு காரியம் செய்தார். அவருடைய 'எர்த்லைட்' நாவலில் நிலவின் மேரே இம்பிரியம் சமவெளியில், பிக்கோ மலைக்கு அருகே ஒரு கோட்டைக்கும் விண்கப்பல்களுக்கும் போர் நடக்கிறது. அங்கே மாட்டிக்கொண்ட வானியலாளர்கள் இருவர் அதைப் பார்க்கிறார்கள். கோட்டையிலிருந்து திடமான கம்பிபோல ஓர் ஒளி எழுந்து ஒரு கப்பலைத் துளைத்துப்போகிறது. வாசகன் உடனே பென்சிலை எடுத்து ஓரத்தில் கேள்விக்குறி போடுவான், வெற்றிடத்தில் ஒளி எப்படித் தெரியும் என்று. கிளார்க் அதற்காகவே காத்திருந்தவர்போல அடுத்து விளக்குகிறார். அது ஒளியே அல்ல. மின்காந்தங்கள் அசுர வேகத்தில் வீசிய உருகிய உலோகத் தாரை. தன் சூட்டால் தானே ஒளிர்வதால் பக்கத்திலிருந்தும் தெரிகிறது.

இதை எத்தனை கோணத்தில் சுவைக்கலாம்! விதியை மீறியதுபோல ஒரு காட்சியைக் காட்டி, மீறல் அல்ல என்று நிறுவுகிறார். கண்ணுக்கு விருந்தும் வைக்கிறார், கணக்கையும் நேராக்குகிறார். ஒளிக்கற்றை பட்ட உலோகம் சூடாகி, உருகி, பிறகுதான் அறும். உலோகத் தாரை பட்ட மாத்திரத்தில் ஊடுருவும், காரணம் அதற்கு எடை இருக்கிறது. கப்பல் துளைபடும் விதத்தைப் படிக்கும்போதே, இது சூட்டுக் காயம் இல்லை, குத்துக் காயம் என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லும். விளக்கம் பின்னால் வந்து அதை உறுதிசெய்யும்.

எடை என்றதும் உந்தத்தின் நினைவு வருகிறது. ஒளிக்கு எடை இல்லாவிட்டாலும் உந்தம் உண்டு. 300 மெகாவாட் ஒளியை ஒரு பக்கம் வீசினால், எதிர்ப்பக்கம் 1 நியூட்டன் தள்ளும். உள்ளங்கையில் வைத்த ஒரு சின்ன ஆப்பிளின் கனம் அது. லாரி நிவன் 1966-ல் எழுதிய 'தி வாரியர்ஸ்' கதை இந்தச் சின்ன எண்ணின் மேல் நிற்கிறது. போரையே மறந்துபோன மனிதர்கள் செல்லும் ஒரு கப்பல். அதைப் புலி போன்ற கிஸின் இனத்தார் நெருங்குகிறார்கள். மனத்தைப் படிக்கும் கிஸின் ஒருவன் மனிதர்களின் தலைக்குள் துழாவிப் பார்த்து, இவர்களிடம் ஆயுதமே கிடையாது என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த மனங்களில் ஆயுதம் என்ற நினைப்பே இல்லை. கப்பல் ஓடுவது ஒளி உந்துகையால். ஆயிரம் டன் கப்பலைப் புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு முடுக்கத்தோடு தள்ளக்கூட 30 டெராவாட் ஒளி வேண்டும். இன்றைய உலகம் முழுவதும் பயன்படுத்தும் மொத்த ஆற்றல் வீதத்தைவிட அதிகம். கப்பல் பின்புறத்தைத் திருப்புகிறது, எதிரிக் கப்பல் அறுபட்டுப்போகிறது. நிவன் புதிதாக ஆயுதம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஓட்டும் பொறியின் கணக்கை மட்டும் நேர்மையாகப் போட்டார், கதை தானாக வந்து விழுந்தது.

அதே கணக்கை 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கதிரால் கோளையே தகர்க்கும் டெத் ஸ்டாருக்குப் போட்டால் சிரிப்பு வரும். பூமியளவு கோளைத் தூளாக்கிச் சிதறடிக்கக் குறைந்தது 2.2 × 10³² ஜூல் வேண்டும். சூரியன் ஏறத்தாழ ஒரு வாரம் வெளிவிடும் மொத்த ஆற்றல். அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டு நான் வம்பு செய்ய மாட்டேன், விஞ்ஞானக் கதையில் ஒரு பொய்க்கு அனுமதி உண்டு. ஆனால் அவ்வளவு ஒளியும் ஒரு திசையில் போனால் டெத் ஸ்டார் என்ன ஆகும்? 160 கி.மீ. விட்டமும் தண்ணீரின் அடர்த்தியும் உள்ள உருண்டை என்று கொண்டால், அது நொடிக்கு 350 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி எகிறும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தைப்போல பன்னிரண்டு மடங்கு. திரையில் தளபதியின் தொப்பிகூட நகர்வதில்லை. கிளைக் கதிர்கள் பல ஒரு புள்ளியில் கூடி, அங்கிருந்து ஒரே கதிராகத் திரும்பிப் போவது இன்னொரு வேடிக்கை. ஒளி ஒளியை மோதாது, குறுக்கே கடந்து போய்விடும். ஃபோட்டான் ஃபோட்டானைச் சிதறடிப்பதற்கான நேரடித் தடயமே செர்ன் கூடத்தின் அட்லஸ் குழுவுக்கு 2017-ல்தான் கிடைத்தது. அதற்குக்கூட ஈய அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாக ஓட்டி, ஒன்றையொன்று உரசாமல் கடக்கவிட வேண்டியிருந்தது.

'டூன்' நாவலை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் வழி தனி. 1965-ல் அவர் இயற்பியலை விளக்கவே இல்லை, ஒரு விதியை மட்டும் வைத்தார்: லேசர் துப்பாக்கியின் கற்றை உடற்கேடயத்தில் பட்டால் அணுகுண்டுபோல வெடிக்கும், வெடிப்பது கேடயமா துப்பாக்கியா இரண்டுமா என்று சொல்ல முடியாது. கேடயம் வேகமாக வரும் எதையும் மறிக்கும், மெதுவாக நுழையும் கத்தியை விட்டுவிடும். இப்படி இரண்டு கோடு போட்டுப் பல்லாயிரம் ஆண்டு எதிர்காலத்தில் வாள் சண்டையைக் கொண்டுவந்துவிட்டார். இயற்பியலாக இது தேறாது. கதைக்கட்டாகப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஸ்டார் வார்ஸை இவ்வளவு சீண்டியாயிற்று, அதற்குச் சேர வேண்டிய நியாயத்தையும் செய்துவிட வேண்டும். அந்தப் படத்தின் துப்பாக்கிகள் எழுப்பும் 'பியூ' என்ற ஒலி, உலகம் முழுவதும் குழந்தைகள் வாயால் சுடும் ஒலி, ஒலிவடிவமைப்பாளர் பென் பர்ட் செய்தது. வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த நீண்ட எஃகுக் கம்பியைத் தட்டி அதைப் பதிவு செய்தார். ஏன் அப்படிக் கீழே சரிந்து ஒலிக்கிறது? விறைப்பான கம்பியில் வளைவு அலைகள் எல்லாம் ஒரே வேகத்தில் போவதில்லை. உச்சத்தொனி அதிர்வுகள் வேகமாக ஓடும், தாழ்தொனி பின்தங்கும். ஒரே தட்டில் பிறந்த எல்லாச் சுரங்களும் கம்பியின் மறுமுனையை வரிசையில் வந்து சேர்கின்றன, உச்சம் முதலில், அடிச்சுரம் கடைசியில். அந்த ஒலிக்குள் இருப்பது கலப்படமில்லாத அலை இயற்பியல்.

விண்வெளியில் ஒலி ஏது என்று அடுத்த கிண்டல் வரும். நியாயமான கிண்டல்தான். ஆனால் மின்னல் வெட்டும்போது பிறக்கும் வானொலி அலைகள் பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு விண்வெளிக்குள் ஏறி, மறு அரைக்கோளத்தில் இறங்கும். அங்கேயும் உயர் அதிர்வெண்தான் முந்தும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கக் காதுக்கருவி மாட்டியிருந்தவர்களுக்கு, உச்சத்திலிருந்து வழுக்கிக் கீழே இறங்கும் இந்தச் சீழ்க்கை கேட்டது. 1953-ல் எல். ஆர். ஓ. ஸ்டோரி அதன் காரணத்தை விளக்கினார். 1979-ல் வாயேஜர் 1 வியாழனைக் கடந்தபோது அதன் அலைக்கருவியும் இதே வகைச் சீழ்க்கைகளைப் பிடித்தது. வியாழனில் மின்னல் இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றாயிற்று. ஸ்டார் வார்ஸ் திரைக்கு வந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.